துள்ளும் பக்கியை எப்படி அடக்குவது? – ஆர்சி கார் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சஸ்பென்ஷன் பற்றியே, அதாவது சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங்கும் ஆயில் நிரப்பிய ஷாக்கும் பற்றியே கேட்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். வேறு அளவு என்று தனியாகச் சொல்லாத இடத்தில், கீழே வரும் எண்கள் எல்லாம் 1/10 அளவு எலெக்ட்ரிக் பக்கிக்கானவை (பக்கி என்றால் மண் தரையில் ஓட்டும் ரிமோட் கார்).

கேள்வி: டூ வீல் டிரைவ் பக்கி வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கரிசல் காட்டில் கோடையில் ஓட்டினால் தவளை மாதிரித் தத்தித் தத்திப் போகிறது. ஷாக்கின் மேல் இருக்கும் வளையத்தை நான்கு பக்கமும் நன்றாக இறுக்கிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. கெட்டியான ஸ்பிரிங் வாங்கிப் போடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: வாங்காதீர்கள். முதல் வேலையாக, இறுக்கிய வளையத்தைத் தளர்த்துங்கள்.

வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கையால் அமுக்கிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், அதனால் நினைப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி என்பது கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை இவற்றில்தான் இருக்கிறது. அதிலும் கம்பிக்குத்தான் பெரிய பங்கு: கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தாலே ஸ்பிரிங் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கெட்டியாகிவிடும். வளையம் இதில் எதையும் தொடுவதில்லை. அதை இறக்க இறக்க வண்டி மேலே எழும்பும், அவ்வளவுதான். ஆனால் எழும்பிய வண்டிக்கு ஒரு நஷ்டம் உண்டு. சக்கரம் மேலே ஏறுவதற்கு இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், கீழே இறங்கவும் இடம் வேண்டும் என்பதுதான் மறந்துபோகும். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டால் ஷாக் ஏற்கெனவே முக்கால்வாசி நீண்டுதான் நிற்கும், பள்ளம் வரும்போது சக்கரம் இன்னும் இறங்கி மண்ணைத் தொட வழியில்லாமல் அந்தரத்தில் சுற்றும், அடுத்த கட்டியில் போய் மோதும், மறுபடி எழும்பும். நீங்கள் பார்க்கும் தவளை ஆட்டத்தில் பாதி இதுதான்.

உயரத்தை இப்படி வையுங்கள். பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி, ஓடத் தயாராக இருக்கும் வண்டியை மேசை மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து போடுங்கள். கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, சேசிஸ் அடிப்பகுதிக்கும் மேசைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். சமமான தரைக்கு 22 முதல் 24 மி.மீ. போதும். உங்கள் கரிசலுக்கு, காய்ந்து கட்டி கட்டியாக நிற்கும் மண்ணுக்கு, 25 அல்லது 26 வைக்கலாம். அதற்கு மேல் போகாதீர்கள், திருப்பத்தில் கவிழ ஆரம்பிக்கும். அளக்கக் கருவி இல்லையென்றால் உங்கள் ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? ஒரு தீப்பெட்டியின் பக்கங்களை ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் அட்டைத் துண்டை ஒட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள், அதுவே நிரந்தர அளவுகோல். இடது, வலது இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது ஆயில். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது ஆயில். வண்டியின் பின்பக்கத்தைத் தரைவரை அமுக்கிவிட்டுக் கையைச் சட்டென்று எடுங்கள். எழும்பி, தன் உயரத்தைத் தாண்டி மேலே போய், மறுபடி இறங்கினால் அடக்கம் போதவில்லை: ஆயில் கசிந்திருக்கும், காற்று புகுந்திருக்கும், இல்லையென்றால் ஆயில் மெலிந்தது. சோம்பேறித்தனமாக மெதுவாக எழும்பினால் அடக்கம் அதிகம், அப்போது இரண்டு மேட்டுக்கு நடுவில் சக்கரம் இறங்க நேரமே கிடைக்காது. ஒரே வீச்சில் எழும்பித் தன் உயரத்தில் நின்றால் சரி. உங்கள் ஷாக்கைக் கழற்றித் தண்டைத் துடைத்துப் பாருங்கள், சேறு மாதிரி ஆயிலும் மண்ணும் கலந்து ஒட்டியிருந்தால் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் போய்விட்டது என்று அர்த்தம். ஓ-ரிங்கையும் ஆயிலையும் மாற்றுங்கள். ஸ்பிரிங் செலவு மிச்சம்.

கேள்வி: ஷாக் ஆயில் பாட்டில் விலை அதிகமாக இருக்கிறது. எங்கள் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் ஆயில் லிட்டர் கணக்கில் கிடக்கிறது. அதை ஊற்றினால் என்ன? அப்புறம், 30 வெயிட், 350 என்று இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்களே, எது எது?
– வாசகர், திருப்பூர்

பதில்: ஊற்றலாம், ஆனால் வேலை செய்யாது. தையல் மெஷின் ஆயில் ஊசியும் தண்டும் தடையில்லாமல் ஓடுவதற்காக நீர்த்த பதத்தில் செய்யப்பட்டது. ஷாக்குக்கு வேண்டியது தடை. மேலும் அது பெட்ரோலிய எண்ணெய், சூட்டில் சட்டென்று இளகிவிடும், சில வகை ரப்பரை ஊதவும் வைக்கும். ஓ-ரிங் ஊதினால் தண்டு சிக்கும். ஷாக்குக்கு சிலிக்கான் ஆயில்தான். அதுவும் சூட்டில் இளகும், ஆனால் அவ்வளவு இளகாது. ஒரு சிறிய பாட்டிலில் நான்கு ஷாக்கையும் பல முறை நிரப்பலாம், அந்தச் செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

எண்களைப் பொறுத்தவரை, ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகான சென்டிஸ்டோக்ஸில் சொல்லும் எண்ணை நம்புங்கள். அமெரிக்க ஆர்சி நிறுவனமான டீம் அசோசியேட்டட் கணக்கில் 30 வெயிட் என்றால் 350 சென்டிஸ்டோக்ஸ், 35 என்றால் 425, 40 என்றால் 500. வேறு நிறுவனத்தின் 30 அதே 350-ஆக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், வெயிட் என்ற எண் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். முன்பக்கத்துக்கு 35 வெயிட், பின்பக்கத்துக்கு 30 வெயிட் என்று ஆரம்பியுங்கள். மார்கழிக் காலையில் சரியாக இருந்த ஆயில் சித்திரை மத்தியானத்தில் மெலிந்துவிட்ட மாதிரி இருக்கும், அப்போது ஒரு படி கெட்டியான ஆயில் போடுங்கள்.

ஆயிலைப் பற்றிப் பேசும்போது பிஸ்டனை, அதாவது தண்டின் நுனியில் ஆயிலுக்குள் நகரும் துளையுள்ள தட்டை, விட்டுவிட முடியாது. சின்ன வயதில் பீச்சாங்குழலில் தண்ணீர் அடித்திருப்பீர்கள். மெதுவாகத் தள்ளினால் தண்ணீர் சுலபமாகப் போகும், வேகமாகத் தள்ளினால் கையை எதிர்க்கும், துளை சின்னதாக இருந்தால் இன்னும் எதிர்க்கும். ஷாக்குக்குள் நடப்பதும் அதேதான். சின்னத் துளைப் பிஸ்டனில் மெலிந்த ஆயில், பெரிய துளைப் பிஸ்டனில் கெட்டி ஆயில், இரண்டையும் கையில் மெதுவாக அமுக்கினால் வித்தியாசமே தெரியாது. ஆனால் தாவலிலிருந்து விழும்போது, தண்டு மின்னல் வேகத்தில் உள்ளே போகும்போது, சின்னத் துளை ஆயிலை விடவே விடாது, ஷாக் ஒரு கணம் கட்டை மாதிரி நின்றுவிடும். பெரிய தாவல்கள் உள்ள டிராக்கில் அது வேண்டும், சேசிஸ் தரையில் அறையாமல் காப்பாற்றும். மேடு பள்ளம் நிறைந்த தரையில் அதே குணம் வண்டியைத் தூக்கித் தூக்கி எறியும். அதனால் கரடுமுரடான இடத்தில் ஓட்டுபவர்கள், ஆயிலை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்காமல் பெரிய துளைப் பிஸ்டனையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். என் டூ வீல் டிரைவ் பக்கி நேராக நன்றாகப் போகிறது. திருப்பத்தில் திராட்டிலை விட்டவுடனே பின்பக்கம் சுழன்று எதிர்த்திசையைப் பார்த்து நின்றுவிடுகிறது. சஸ்பென்ஷனில் எதை மாற்ற வேண்டும்?
– மாணவர், காரைக்குடி

பதில்: தம்பி, உன் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. "திராட்டிலை விட்டவுடனே" என்று எழுதியிருக்கிறாய் பார், அதைக் கவனித்ததற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். பலர் "சுழல்கிறது" என்று மட்டும் எழுதுவார்கள், எப்போது என்று சொல்ல மாட்டார்கள்.

சஸ்பென்ஷனுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு விஷயம். ஒன்று, பின் டயரின் முட்களை விரலால் தடவிப் பார். புது டயரில் முள்ளின் விளிம்பு கூராகக் கையில் தட்டுப்படும். உன்னுடையது வழவழவென்று உருண்டு போயிருந்தால் எந்த ஸ்பிரிங் மாற்றினாலும் பிடிப்பு வராது, முதலில் டயர். இரண்டு, உன் ஸ்பீடு கன்ட்ரோலரில் டிராக் பிரேக் என்று ஒரு செட்டிங் இருக்கலாம். திராட்டிலை விட்டால் தானாகவே கொஞ்சம் பிரேக் பிடிப்பது அது. டூ வீல் டிரைவில் மோட்டார் பின் சக்கரத்தை மட்டும்தான் ஓட்டுகிறது, அதனால் அந்த பிரேக்கும் பின் சக்கரத்தில் மட்டும்தான் விழும். திருப்பத்தில் எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகியிருக்கும் நேரத்தில் அதையே பிடித்து நிறுத்தினால் சுழலாமல் என்ன செய்யும்? டிராக் பிரேக்கைப் பூஜ்யத்துக்குக் குறைத்துவிட்டு ஓட்டிப் பார். காரைக்குடிப் பக்கம் செம்மண்ணில் சரளை உருளும் இடங்களில் இது ஒன்றே பெரிய மாற்றம் தரும்.

அப்படியும் சுழன்றால், இந்த வரிசையில் போ. பின் ஸ்பிரிங்கை ஒரு படி மெலிதாக்கு. போதவில்லையென்றால், பின்பக்கம் ஆன்டி-ரோல் பார் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தால் கழற்றிவிடு. அப்புறம் பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வை. கடைசியாகப் பின் சக்கர டோ-இன். பெரும்பாலான டூ வீல் டிரைவ் பக்கிகளில் பின் சக்கரங்கள் 3 டிகிரி உள்நோக்கிப் பார்த்தபடி வரும், அதை அரை டிகிரி கூட்டினால் வண்டி இன்னும் நேராக நிற்கும், ஆனால் கொஞ்சம் வேகம் குறையும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஐந்து சுற்று ஓட்டு, ஒரு நோட்டில் எழுது. பிடிக்கவில்லையென்றால் பழையபடி திருப்பி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. மூன்றைச் சேர்த்து மாற்றினால் வண்டி நன்றாக ஓடினாலும் எதனால் ஓடுகிறது என்று உனக்கே தெரியாது, அடுத்த வாரம் வேறு தரையில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கேம்பர் எவ்வளவு வைப்பது? அளக்கும் கருவி வாங்கியே ஆக வேண்டுமா?
– வாசகி, சேலம்

பதில்: கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரத்தின் சாய்வு. நான்கு சக்கரங்களிலும் மேல்பகுதி 1 டிகிரி உள்ளே சாய்ந்திருக்கட்டும். மூலைமட்டம் ஒன்றைச் சக்கரத்தோடு ஒட்டி நிறுத்தினால் சாய்வு கண்ணுக்கே தெரியும், ஆரம்பத்துக்கு அது போதும். அதன்பிறகு டயரே சொல்லிவிடும்: உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் சாய்வு அதிகம், வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்தால் குறைவு.

கேள்வி: பலகை வைத்துச் சாய்தளம் செய்து தாவ விடுகிறோம். ஒவ்வொரு முறையும் மூக்கு குத்தி விழுந்து, முன் சக்கரத்தை சேசிஸோடு இணைக்கும் ஆர்ம் உடைகிறது. இதுவரை மூன்று ஆர்ம் மாற்றிவிட்டேன். முன் ஸ்பிரிங் கெட்டியாக்கினால் சரியாகுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வண்டி விழுந்த பிறகுதான் முன் ஸ்பிரிங் வேலைக்கு வரும், நீங்கள் கேட்பது விழுவதற்கு முன்னால் நடக்கும் விஷயம். பலகையின் நுனியில் உங்கள் விரல் என்ன செய்கிறது என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பயத்தில் நுனிக்குச் சற்று முன்னாலேயே திராட்டிலை விட்டுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், புதிதாகத் தாவ விடும் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருக்கும். வண்டி காற்றில் இருக்கும்போது, சுற்றும் சக்கரங்களின் வேகத்தை மாற்றினால் உடல் அதற்கு ஈடாகச் சாயும். திராட்டில் கொடுத்தால் மூக்கு உயரும், பிரேக் பிடித்தால் மூக்கு தாழும். அதனால் நுனியைத் தாண்டும்வரை சீரான திராட்டில் வையுங்கள். மூக்கு தாழ்வதைப் பார்த்தால் காற்றிலேயே ஒரு தட்டு கொடுங்கள், தூக்கிக்கொள்ளும். முதலில் வண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு நண்பரைத் திராட்டில் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தத் திருகல் உங்கள் மணிக்கட்டிலேயே தெரியும், அதன்பிறகு நான் விளக்கவே வேண்டாம்.

விரலில் தவறில்லை என்று உறுதியானால், பின்பக்கத்தைப் பாருங்கள். பலகை ஏறும்போது பின் ஷாக் அமுங்கி, நுனியில் வில் மாதிரி விரிந்து, பின்பக்கத்தை எத்திவிடுகிறதா? செல்போனில் ஸ்லோ மோஷன் எடுத்தால் தெளிவாகத் தெரியும். அப்படியென்றால் பின்பக்கத்துக்கு ஒரு படி கெட்டியான ஆயில் போடுங்கள். விழுந்து எழும் விதத்துக்கும் ஒரு சோதனை உண்டு: இடுப்பு உயரத்தில் வேண்டாம், முழங்கால் உயரத்திலிருந்து வண்டியைச் சமமாகப் பிடித்துத் தரையில் விடுங்கள். சேசிஸ் மண்ணை லேசாகத் தொட்டுவிட்டு நின்றால் நல்லது. 'டப்'பென்று அறைந்தால் அடக்கம் குறைவு. தரையைத் தொடாமலே பந்து மாதிரி எழும்பினால் ஸ்பிரிங்கோ பிஸ்டனோ மிகவும் கெட்டி. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் அமுங்கி ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும், அதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பழைய டாமியா கிராஸ்ஹாப்பர் பரணில் கிடைத்தது. ஓடுகிறது, ஆனால் கன்னாபின்னாவென்று குதிக்கிறது. இன்றைய பக்கி மாதிரி ஆக்க முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பொக்கிஷம் அது, பத்திரமாக வையுங்கள். கிராஸ்ஹாப்பர் 1984-இல் வந்தது. வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை: அதில் ஸ்பிரிங் உண்டு, ஆயில் கிடையாது. துள்ளலைத் தாங்க ஆள் இருக்கிறது, அடக்க ஆள் இல்லை. ஆயில் ஷாக் மாட்டினால் நிச்சயம் அடங்கும், பலர் அப்படி மாட்டி ஓட்டுகிறார்கள். ஆனால் இன்றைய பக்கி மாதிரி ஆகாது. அதன் பின்பக்கத்தில் இரண்டு சக்கரமும் தனித்தனியாக அசைவதில்லை. கியர் பெட்டி, மோட்டார், அச்சு எல்லாம் ஒரே கட்டையாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். அவ்வளவு எடையும் ஒவ்வொரு கல்லுக்கும் தூக்கியடிக்கப்படும்போது எந்த ஷாக்கும் திணறும். சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் எடை குறையக் குறையத்தான் டயர் தரையை விடாமல் பிடிக்கும். அதே 1984-இல் அமெரிக்காவில் டீம் அசோசியேட்டட் கொண்டுவந்த ஆர்சி10 நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஆர்ம், ஆயில் நிரப்பிய அலுமினிய ஷாக் என்று வந்து, அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த 1/10 எலெக்ட்ரிக் ஆஃப்-ரோடு கார்களுக்கான முதல் உலகப் போட்டியில் டூ வீல் டிரைவ் பிரிவை ஜெயித்தது. இன்று உங்கள் கடையில் இருக்கும் பக்கிகள் அந்த வழியில் வந்தவைதான். கிராஸ்ஹாப்பரைக் கிராஸ்ஹாப்பராகவே விடுங்கள் என்பது என் ஆசை. கடற்கரை ஈர மணலில் ஓட்டிப் பாருங்கள், மனசு நிறைந்துவிடும். ஓட்டிய பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, உடனே உலர வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் பக்கி வலது பக்கம் அருமையாகத் திரும்புகிறது, இடது பக்கம் திரும்பினால் மட்டும் வழுக்குகிறது. ஸ்டியரிங் டிரிம் (நேராக ஓட வைக்கும் செட்டிங்) சரியாக இருக்கிறது. நான்கு ஸ்பிரிங்கும் புதிது, ஆயிலும் புதிது. எங்கே தேடுவது?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டு பக்கமும் வழுக்கினால் அது செட்டிங், ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் ஏதோ சிக்குகிறது அல்லது வளைந்திருக்கிறது. இதே குறையோடு ஒரு மழைக்காலம் முழுக்க நான் அலைந்திருக்கிறேன். மூன்று ஜோடி ஸ்பிரிங் மாற்றினேன், இரண்டு முறை ஆயில் மாற்றினேன், கடைசியில் பார்த்தால் வலது பின் ஆர்ம் ஆடும் அச்சான ஹிஞ்ச் பின் தலைமுடி அளவுக்கு வளைந்திருந்தது. மோதிய நாள்கூட நினைவில் இல்லை.

நான்கு ஷாக்கையும் ஆர்மிலிருந்து கழற்றி விடுங்கள். ஒவ்வொரு ஆர்மையும் மேலே தூக்கிக் கையை எடுங்கள். தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். பாதியில் நின்றால், மெதுவாக இறங்கினால், அங்கேதான் பிரச்சினை. ஹிஞ்ச் பின்னை உருவிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள், பின்னுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறைந்தால் வளைந்திருக்கிறது, நிமிர்த்த முயலாமல் புதிதாகப் போடுங்கள். ஹிஞ்ச் பின் நேராக இருந்தால் துளையில் மண் ஏறியிருக்கிறதா, சக்கரத்தின் சாய்வை நிர்ணயிக்கும் கேம்பர் லிங்க்கின் பால் ஜாயின்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பால் ஜாயின்ட்டை பிளையரில் மெல்ல ஒரு நெருக்கு நெருக்கித் திருப்பினால் பெரும்பாலும் இளகிவிடும்.

ஆர்ம் எல்லாம் சரியென்றால் ஷாக்கை ஜோடி பாருங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பின் ஷாக் இரண்டையும் எடுத்து, தண்டு நுனியும் தண்டு நுனியும் எதிரெதிரே முட்டும்படி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மெதுவாக நெருக்குங்கள். இரண்டு தண்டும் ஒரே வேகத்தில் உள்ளே போக வேண்டும், கையைத் தளர்த்தினால் ஒரே அளவு வெளியே வர வேண்டும். ஒன்று முந்தினால் அதில் ஆயில் குறைவு அல்லது காற்று இருக்கிறது. மூடியைத் திறந்து நிரப்பி, பிஸ்டனைப் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, குமிழ் எல்லாம் மேலே வர ஒரு பத்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு மூடுங்கள். அவசரப்பட்டால் குமிழ் உள்ளேயே மாட்டிக்கொண்டு, அமுக்கும்போது 'சளக் சளக்' என்று சத்தம் வரும். தண்டுகளின் நீளமும் ஒன்றுதானா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், நுனியில் திருகும் பிளாஸ்டிக் இணைப்பு ஒரு பக்கம் இரண்டு சுற்று கூட இறங்கியிருந்தாலே வண்டி சாய்ந்து நிற்கும்.

இதையெல்லாம் பார்த்தும் இடது பக்கம் வழுக்கினால் சேசிஸ் பலகையைத் தனியாகக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்து நான்கு மூலையையும் விரலால் தட்டிப் பாருங்கள். ஆடும் மூலை எது என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.